குடவோலையும் நம் கமிட்டியும்

அடுத்த மாதம் நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம். அறிவிப்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் ஓரளவு தெரியும். பத்து மணிக்குக் கூட்டம் என்று போட்டிருக்கும். பத்தேகாலுக்கு ஹாலில் நாற்காலிகள்தான் அதிகம் இருக்கும். கோரம் இல்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைப்பார்கள். பிறகு தண்ணீர் டேங்கர் செலவு, பார்க்கிங் தகராறு, லிஃப்ட் பராமரிப்பு என்று இரண்டு மணி நேரம் போகும். கடைசியில் புதிய நிர்வாகக் குழு. "யாராவது நிற்கிறீர்களா?" என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்ப்போம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "இருக்கிறவங்களே தொடரட்டுமே!" கைதட்டுவோம். காபி, சமோசா.

இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. சம்பளம் இல்லாத வேலை. நள்ளிரவில் மோட்டார் நின்றால் செயலாளருக்குத்தான் போன் போகிறது. ஆனால் இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊரும் அங்குள்ள கோயில் சுவரும் எனக்கு நினைவுக்கு வரும். ஒரு நிர்வாகக் குழுவில் யார் உட்காரலாம், எவ்வளவு நாள் உட்காரலாம், எப்போது எழுந்து போக வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்தவர்களின் ஊர் அது. உத்திரமேரூர்.

பெயரைப் பார்த்ததும், "பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே, குடவோலை முறை" என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். பாடப் புத்தகத்தில் நாலு வரிதான் இருந்தது. நம் கமிட்டிக்குப் பயன்படுவது மீதியில்தான் இருக்கிறது.

இரண்டே ஆண்டில் ஒரு திருத்தம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. முதலாவது அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல் எழுதப்பட்டது. இரண்டாவது 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல். அரசனின் ஆணையோடு அரசு அதிகாரி ஒருவர் வந்து உடனிருக்க, ஊர்ச் சபை கூடி இந்த விதிகளை ஏற்படுத்தியது. கல்வெட்டியல் அறிஞர் வெங்கையா இவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1904-05-ஆம் ஆண்டுக்கான தொல்லியல் துறை அறிக்கையில் வெளிவந்தது. அதன் பிறகுதான் வெளியுலகத்துக்கு இந்த ஊர் தெரிந்தது.

முதல் கேள்வி: எதற்கு இரண்டு கல்வெட்டு? 919-இல் ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். இரண்டே ஆண்டில் மறுபடியும் கூடி, அதே விஷயத்தை இன்னும் நீளமாக, இன்னும் நுணுக்கமாக எழுதினார்கள். முதல் விதி நடைமுறையில் சரியாக ஓடவில்லை என்றுதான் இதைப் படித்த வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நமக்கும் இது பழக்கமான கதைதான். விதி போடுவோம், அதில் ஓட்டை தெரியும், அடைப்போம். நம் பைலாவைத் திருத்தி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது கல்வெட்டு தன் நோக்கத்தையும் சொல்கிறது: ஊரில் கெட்டவர்கள் ஒழிந்து நல்லவர்கள் வளர வேண்டும் என்பதற்காகவாம். ஏதோ ஒரு மனக்கசப்பு, ஏதோ ஒரு கணக்குக் குளறுபடி நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் வெட்டும் அளவுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

முப்பது குடும்பு, ஒரு குடம்

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. நமக்குப் புரியும்படி சொன்னால் பிளாக். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலைத் துண்டுகளில் எழுதுவார்கள். அந்தக் குடும்பின் பெயர் எழுதிய ஓர் ஓலையை மேலே வைத்துக் கட்டாகக் கட்டி, முப்பது கட்டுகளையும் ஒரு குடத்தில் போடுவார்கள்.

பிறகு மகாசபை கூடும். சிறியவர், பெரியவர் எல்லோரும் வர வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் சபை நடுவே உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையில் தருவான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்று எல்லோரும் பார்க்கத்தான் அப்படி. அவர் உரக்கப் படிப்பார். அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாங்கி வாசிப்பார்கள். அதன் பிறகுதான் அந்தப் பெயர் ஏறும்.

இதைத் 'தேர்தல்' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், இது ஓட்டுப் போடும் முறை இல்லை, சீட்டுக் குலுக்கல். தகுதி உள்ள எல்லோருடைய பெயரும் குடத்துக்குள் போகிறது. யாரும் பிரசாரம் செய்ய முடியாது. யாரும் யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை. 'நான் நிற்கவில்லை' என்று தரையைப் பார்க்கவும் வழியில்லை.

ஒரு குடும்புக்கு ஒருவர் வீதம் முப்பது பேர் வந்தாயிற்று. இவர்களில் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களும், முன்பு தோட்டம், ஏரி வேலைகளைப் பார்த்து அனுபவம் பெற்றவர்களுமாக 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். கூட்டிப் பாருங்கள்: 30. எந்தக் குடும்பும் விடுபடவில்லை. பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே இன்னொரு குலுக்கல் நடத்தி, தலா 6 பேரை எடுத்தார்கள். முப்பது குடும்புக்கு இங்கே பன்னிரண்டு இடம்தான் என்பதால், இந்த ஆண்டு இடம் பெற்ற குடும்புகளை அடுத்த ஆண்டுக் குலுக்கலில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதினார்கள். எல்லாப் பகுதிக்கும் முறை வர வேண்டும் என்பதே எண்ணம்.

ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததைக் கவனியுங்கள். அந்த ஊரின் உயிர் ஏரியில் இருந்தது. நமக்கு அது போர்வெல்லும் சம்ப்பும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும்.

உட்கார வைப்பதைவிட எழுப்புவது கஷ்டம்

இந்தக் கல்வெட்டை முழுதாகப் படித்தால் ஒன்று தெரியும். யாரை உட்கார வைப்பது என்பதற்குச் செலவிட்ட அளவு கவனத்தை, யாரை உட்கார விடக் கூடாது, உட்கார்ந்தவரை எப்படி எழுப்புவது என்பதற்கும் செலவிட்டிருக்கிறார்கள்.

பதவிக் காலம் 360 நாள். அது முடிந்ததும் இறங்க வேண்டும். இடையில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம். காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் எந்த வாரியத்தில் இருந்தவரின் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது. அதாவது ஓராண்டு வேலை பார்த்தால், அடுத்த மூன்று ஆண்டுகள் ஓய்வு. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான் விதி.

அடுத்தது கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், அப்பாவோடு பிறந்தவர், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவர், சகோதரியின் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. 'நான் வரவில்லை, என் மச்சான் வரட்டும்' என்று யாரோ ஒருவர் செய்து காட்டிய பிறகுதான் இப்படிப்பட்ட பட்டியல் பிறந்திருக்கும் என்பது என் ஊகம். பிறர் பொருளைத் திருடியவர், கள்ளக் கையெழுத்துப் போட்டவர் ஆகியோருக்கும் இடமில்லை.

கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. நேர்மையாகச் சம்பாதித்தவராக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும். இன்னொரு கணக்கர் புகுந்து அவருக்காகக் கணக்கை முடித்துவைக்கக் கூடாது. கணக்கை ஒப்படைத்து, அது சரி என்று சொல்லப்பட்ட பிறகே வேறு கணக்கு வேலை. 'போன ட்ரெஷரர் காலத்தில் நடந்தது, எனக்குத் தெரியாது' என்ற பதிலை அவர்கள் அப்போதே அடைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்தால் அந்த ஊர்க்காரர்கள் சந்தேகப் பிராணிகள் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று ஆண்டு இடைவெளி எல்லோருக்கும் பொது என்பதால், இறங்கிப் போகிறவருக்கு அவமானம் இல்லை. கணக்குக் கேட்பது விதி என்பதால், கேட்பவர் பகையாளி ஆவதில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பில்லைப் பற்றிக் கேள்வி கேட்டதும் நடப்பதை நினைத்துப் பாருங்கள். 'என்னை நம்பவில்லையா?' என்று ஒருவர் புண்படுகிறார். கேட்டவர் குழுவை விட்டே வெளியேறுகிறார். விதி செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் செய்யும்போது இப்படித்தான் ஆகும்.

கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் புதியவர்கள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், உத்திரமேரூருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் 'கூடாது, கூடாது' என்றே சொல்லித் தடுப்பவருக்கும், அவருக்குத் துணை போகிறவர்களுக்கும் 5 காசு அபராதம் என்கிறது அது. நம் ஹாலில் இதை நடைமுறைப்படுத்தினால் கார்ப்பஸ் ஃபண்ட் நிரம்பிவிடும் என்று உங்களில் சிலர் சிரிப்பது கேட்கிறது. ஆனால் மாற்றுக் கருத்துக்கே அபராதம் போடவும் இதே விதி பயன்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடத்துக்குள் போகாத பெயர்கள்

இதுவரை சொன்னது பெருமைப்படும் பகுதி. இனிச் சொல்வதை நாம் பொதுவாகச் சொல்வதில்லை.

குடத்தில் போட யாருடைய பெயரை எழுதலாம்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கருக்கு மேல். தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் கற்று, பிறருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும் நிலத் தகுதி அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது.

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். வேதக் கல்வி தகுதி என்றான போதே பெண்கள் எல்லோரும் வெளியே. நிலம் தகுதி என்றான போது, அந்த நிலத்தை உழுதவர்கள் வெளியே. ஏரி வாரியத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஆனால் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. சீட்டை எடுத்த சிறுவனின் கை நேர்மையானது. மத்தியஸ்தரின் விரல்கள் விரிந்திருந்தன. எல்லாம் எல்லோர் கண் முன்னும் நடந்தது. ஆனால் குடத்துக்குள் போகும் முன்பே பெரும்பாலானவர்களின் பெயர் கழிக்கப்பட்டுவிட்டது.

இந்த இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் நேருக்கு நேர் நின்ற சந்தர்ப்பம் ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1948 நவம்பர், டெல்லி, அரசியல் நிர்ணய சபை. நவம்பர் 4-ஆம் தேதி வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமக் குடியரசு என்று கொண்டாடுகிறவர்களைக் கடுமையாகச் சாடினார். குறுகிய புத்தியும் அறியாமையும் சாதி மதப் பிரிவினையும் தேங்கிக் கிடக்கும் இடமே கிராமம் என்பது அவர் பேச்சின் சாரம். வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அடிப்படையாகக் கொண்டதில் தனக்கு மகிழ்ச்சியே என்றார்.

சபையில் பலருக்கு இது வலித்தது. நவம்பர் 22-ஆம் தேதி, சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் த. பிரகாசம். அவர் சான்றாக எடுத்துச் சொன்னது காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள இந்த உத்திரமேரூர்க் கல்வெட்டைத்தான். அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அதுவே அரசியலமைப்பின் 40-ஆவது பிரிவு.

யார் சொன்னது சரி? பிரகாசம் குடத்தைக் காட்டினார். அம்பேத்கர் குடத்துக்கு வெளியே நின்றவர்களைக் காட்டினார். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் வரலாறு பாதிதான்.

நாற்காலி இருந்தும் உட்கார முடியாதபோது

40-ஆவது பிரிவு வழிகாட்டும் கொள்கையாக மட்டும் நீண்ட காலம் இருந்தது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டாயத் தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம். தலைவர் பதவிகளிலும் இந்த ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996-இல் அதன்படி தேர்தல். உத்திரமேரூரில் ஓலை ஏறாத பெயர்களுக்கெல்லாம் சட்டம் இடம் தந்தது.

சட்டம் நாற்காலியைப் போடலாம். உட்கார விடுவது ஊர். மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகில் உள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்குப் பயந்து வேட்பாளர்கள் முதலில் விலகினார்கள். வாக்குப் பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. அதையெல்லாம் தாண்டி 1996 கடைசியில் முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30-ஆம் தேதி, பேருந்தில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரும் உடன் இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஓர் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக ஆறு உயிர்.

அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. 1996 முதல் பத்தாண்டுகள் அந்த நாற்காலியில் யாரும் நிலையாக உட்கார முடியவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள்; மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. அல்லது ஊர்ப் பெரியவர்களே ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்குவார்கள். பதிவேட்டில் பிரதிநிதித்துவம் உண்டு, ஊரில் இல்லை. 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் தொடர்ந்தார்கள்.

2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. இப்போதும் சில ஊர்களில் தலைவி கையெழுத்துப் போட, கணவர் கூட்டத்தை நடத்துவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உத்திரமேரூர் மைத்துனன் பட்டியலில் கணவனுக்கு இடம் வேண்டியிருக்கவில்லை, இன்று வேண்டியிருக்கிறது.

நம் குடத்தில் யார்?

நம்முடையது ஊராட்சி இல்லை. சில பிளாக்குகள், ஒரு கேட், ஒரு ஜெனரேட்டர். இங்கே யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. ஆனாலும் இரண்டு கேள்விகளையும் நம்மை நோக்கித் திருப்பிக் கேட்கலாம்.

முதல் கேள்வி, எழுந்து போகும் விதி. நம்மைப் போன்ற பல சங்கங்கள் பதிவாகியிருக்கும் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் அதே ஆட்கள் மறுபடி வருவதைத் தடுக்கவில்லை. உத்திரமேரூரில் மூன்று ஆண்டு என்பது வெளியே இருக்க வேண்டிய காலம். நமக்கு அது உள்ளே இருக்கக்கூடிய காலம். இரண்டு முறை தொடர்ந்து இருந்தவர் ஒரு முறை விலகி நிற்க வேண்டும் என்று பைலாவில் ஒரு வரி சேர்த்தால் என்ன? இருப்பவர்களுக்கும் ஓய்வு, வருகிறவர்களுக்கும் பழக்கம். வெளியேறும் பொருளாளர் தன் கணக்கைத் தானே கூட்டத்தில் வைத்து விளக்க வேண்டும் என்பது இன்னொரு வரி.

இரண்டாவது கேள்வி, வெளியே நிற்பவர்கள். 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி சங்கம் என்பது வீட்டு உரிமையாளர்களின் சங்கம். வாடகைக்கு இருப்பவர்கள்? மெயின்டனன்ஸ் தொகை பல வீடுகளில் அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் வராத காலையில் வாளியோடு நிற்பதும் அவர்கள்தான். துபாயிலும் டல்லாஸிலும் இருக்கும் உரிமையாளருக்கு ஓட்டு உண்டு. இங்கே இருப்பவருக்குப் பேச ஒரு நாற்காலி இல்லை. 'தன் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்' என்ற பழைய விதியிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? ஓட்டுரிமை சட்டத்தைப் பொறுத்தது, சரி. வாடகைக்காரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பேரைக் குழுக் கூட்டங்களுக்கு அழைத்துக் கருத்துக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பெண்களையும் கவனிப்போம். பத்திரத்தில் மனைவி பெயர் இருக்கும் வீடுகளிலிருந்தும் கூட்டத்துக்குக் கணவர்தான் வருகிறார். பிளம்பர் வருவதும், லிஃப்ட் நிற்பதும், குப்பை எடுக்காததும் முதலில் தெரிவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கு. அவர்கள் வராததற்குக் கூட்ட நேரமும் ஒரு காரணம். ஞாயிறு காலை பத்து மணி என்றால் சமையல் அடுப்பில் இருக்கும் நேரம். மாலை ஐந்துக்கு மாற்றிப் பார்க்கலாம். நம் காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் குழுவில் இடம் கேட்கும் அளவுக்கு நான் போகவில்லை. அவர்களைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில், அந்த ஒரு விஷயத்துக்காவது அவர்களில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்கலாமே.

கடைசியாக, குலுக்கல். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பிளாக்குக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். யாரும் முன்வராத பிளாக்கில், தகுதியுள்ள எல்லோருடைய பெயரையும், நிஜமாகவே முடியாதவர்களை விட்டுவிட்டு, ஒரு பாத்திரத்தில் போட்டு, நம் பிள்ளைகளில் ஒருவரை எடுக்கச் சொல்லலாம். ஓராண்டு மட்டும். பிறகு எழுந்துகொள்ளலாம், அடுத்த மூன்று ஆண்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்பவர்களுக்கு ஒரு பதில்: அனுபவம் உள்ளவர்களை ஆண்டு வாரியத்தில் வைத்து, மற்றவர்களைத் தோட்டத்துக்கும் ஏரிக்கும் அனுப்பிய உத்திரமேரூர், அந்தப் பிரச்சினைக்கும் வழி கண்டிருந்தது. புதியவருக்குத் தோட்டமும் தண்ணீரும். பழையவருக்கு வரவு செலவு.

இந்த யோசனைகளில் எது தேறும் என்று எனக்குத் தெரியாது. ஒரு சில மட்டும் தேறினாலும் போதும். ஓட்டை தெரிந்தால் இரண்டு ஆண்டு கழித்துத் திருத்திக்கொள்வோம், அவர்களைப் போல. பைலாத் திருத்தம் ஏதாவது முன்மொழிய விரும்பினால், கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். அன்று எழுந்து சொன்னால் எடுத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்னவற்றில் மூன்றை நான் எழுதி வைத்திருக்கிறேன்: பதவி இடைவெளி, பொருளாளர் கணக்கு, வாடகைக்காரர்களுக்கு இரண்டு அழைப்பாளர் இடம். ஆதரித்துக் கையெழுத்திட விரும்புகிறவர்களுக்காக அந்தத் தாள் செக்யூரிட்டி மேசையில் இருக்கும். எதிர்க்க விரும்புகிறவர்களும் கட்டாயம் வாருங்கள். 5 காசு அபராதம் கிடையாது.